கட்டளை வரியிலிருந்து மின்னஞ்சல் வரைவு: அனுப்புவதற்கு முன் படித்துப் பார்க்கும் வழி வேண்டும்

கேள்வி: பட்டறைக் கணக்கர், நாச்சியார்கோவில்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறையின் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் நான் கவனித்து வருகிறேன். ஆவணி பிறந்துவிட்டால் கார்த்திகைக்கும் தை மாதத் திருமணங்களுக்கும் விளக்குக் கேட்டு வெளியூர்ப் பாத்திரக் கடைகளிலிருந்தும், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் இருக்கும் நம்மவர்களிடமிருந்தும் மடல்கள் வரத் தொடங்கும். விளக்கின் உயரம், எடை, உச்சியில் அன்னம் வேண்டுமா வேண்டாமா என்பவற்றைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனி விலைப்புள்ளி தயாரித்து, அதைப் பிடிஎஃப் கோப்பாக்கி, மின்னஞ்சலில் இணைத்து அனுப்புகிறோம்.

அலுவலகத்தில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய ஒரு மேசைக் கணினி. மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டைப் பயன்படுத்துகிறோம். இப்போது ஒவ்வொரு மடலுக்கும் புதிய சாளரத்தைத் திறந்து, முகவரியை ஒட்டி, பொருள் வரியைத் தட்டச்சு செய்து, அடைவுகளைத் துழாவிக் கோப்பைத் தேடி இணைக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கோப்புகளில் கை தவறி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தேர்ந்துவிட்டால், ஒரு கடைக்காரருக்குக் கொடுத்த விலை இன்னொரு கடைக்காரரின் மேசைக்குப் போய்விடும். கிலோவுக்கு இன்ன விலை என்று பேசி முடிக்கும் தொழிலில், பல தலைமுறையாக வாங்குபவருக்கு ஒரு விலையும் முதன்முறை கேட்பவருக்கு வேறொரு விலையும் இருப்பது வழக்கம். அந்த விலை வெளியே தெரிந்துவிட்டால் இழப்பது பணத்தை மட்டுமன்று.

முகவரி, பொருள் வரி, மடலின் உடல், இணைப்பு ஆகிய நான்கையும் முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஒரே கட்டளையாகக் கொடுத்து, அவையெல்லாம் நிரப்பப்பட்ட வரைவுச் சாளரத்தைத் திறக்க இயலுமா? திறந்த வரைவை நான் ஒருமுறை படித்துப் பார்த்து, பிறகு என் கையாலேயே அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். யாரும் பார்க்காமல் தானாகவே மடலை அனுப்பிவிடும் முறை எங்களுக்குத் தேவையில்லை. விவரங்கள் எல்லாம் லிப்ரெஆஃபிஸ் விரிதாளில் வரிசைக்கு ஒருவராக இருக்கின்றன. அதை வரிசை வரிசையாக எடுத்துக்கொள்ளும் வழியையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். கும்பகோணம் கடையில் இருக்கும் கணினியில் விண்டோஸ் இருப்பதால், அதற்கும் இது பொருந்துமா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: முனையம் விரும்பி, தஞ்சாவூர்

ஐயா, தாங்கள் கேட்பதைத் தண்டர்பேர்டே நேரடியாகச் செய்யும். இங்கே நாம் தமிழ் எழுத்தில் மட்டுமே எழுதுவதால், கட்டளைப் பெயர்களை ஒலிபெயர்த்துத் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும். கட்டளையின் வடிவம் இது:

தண்டர்பேர்ட் -கம்போஸ் "டு='பெறுநர் முகவரி',சப்ஜெக்ட்='குத்துவிளக்கு விலைப்புள்ளி 112',மெசேஜ்='/ஹோம்/பட்டறை/மடல்கள்/112.டிஎக்ஸ்டி',அட்டாச்மென்ட்='/ஹோம்/பட்டறை/மடல்கள்/112.பிடிஎஃப்',ஃபார்மட்=டெக்ஸ்ட்"

இதை இட்டு என்டர் விசையை அழுத்தினால், எல்லாம் நிரம்பிய எழுதும் சாளரம் திறந்து நிற்கும். தாங்கள் பொத்தானை அழுத்தாமல் எதுவும் வெளியே போகாது. தண்டர்பேர்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அதே செயலிக்குள்தான் இந்தச் சாளரம் திறக்கும். பெறுநர், நகல், மறைநகல் என்று வேறு என்னென்ன புலங்கள் உண்டு என்பதை, தண்டர்பேர்ட் என்ற பெயருக்குப் பின் இரட்டைக் கோடும் ஹெல்ப் என்ற சொல்லும் இட்டால் நிரலே பட்டியலிட்டுக் காட்டும்.

இந்தக் கட்டளையில் இடறுவதற்கு உரிய இடம் மேற்கோள் குறிகள்தான். அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெளியே இருக்கும் இரட்டை மேற்கோள், முழுத் தொடரையும் ஒரே துண்டாகத் தண்டர்பேர்டிடம் ஒப்படைக்கும்படி, முனையத்தில் நாம் இடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஓட்டுக்குச் சொல்கிறது. உள்ளே இருக்கும் ஒற்றை மேற்கோள், ஒரு புலத்தின் மதிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தண்டர்பேர்டுக்குச் சொல்கிறது. புலங்களைப் பிரிப்பது காற்புள்ளி என்பதால், ஒற்றை மேற்கோள் இல்லாத மதிப்புக்குள் காற்புள்ளி வந்தால் மதிப்பு அந்த இடத்திலேயே அறுந்துவிடும். மதிப்புக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் வந்தாலும் குழப்பம் நேரக்கூடும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவரின் பெயர் டி'குரூஸ் என்று இருந்து, அதைப் பொருள் வரியில் நேர்க்குறியோடு எழுதினால், அந்தக் குறியை மதிப்பின் எல்லை என்று நிரல் எடுத்துக்கொள்ளக்கூடும். அத்தகைய பெயர்களில் நேர்க்குறிக்குப் பதிலாக டி’குரூஸ் என்று வளைந்த குறியை இடுவது போதுமானது.

இதைவிடப் பெரிய கேடு டாலர் குறியால் வரும். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி இருந்தால், பாஷ் அதை ஒரு மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும். அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் மடலின் உடலில் $450 என்று கட்டளை வரியிலேயே எழுதினால், $4 என்பது நான்காவது உள்ளீட்டைக் குறிக்கும் மாறியாகக் கருதப்படும். அப்படி ஓர் உள்ளீடு இல்லாததால் அது வெறுமையாகி, மடலில் 50 என்று மட்டுமே எஞ்சி நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ரூபாய்க் குறிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆகையால் மடலின் உடலைக் கட்டளை வரியில் எழுதவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதைத் தனி உரைக் கோப்பில், தமிழ் எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, மேலே காட்டியபடி மெசேஜ் என்ற புலத்தில் அந்தக் கோப்பின் இருப்பிடத்தை மட்டும் கொடுங்கள். கோப்புக்குள் இருக்கும் டாலர் குறியையோ மேற்கோளையோ பாஷ் தொடாது. பத்திப் பிரிப்புகளும் அப்படியே வந்து சேரும்.

கோப்பின் இருப்பிடத்தை வேர் அடைவிலிருந்து முழுமையாக எழுத வேண்டும். வீட்டு அடைவைக் குறிக்கும் அலைக்குறியை மேற்கோளுக்குள் இட்டால் ஓடு அதை விரிக்காது என்பதால், இணைப்பு கிடைக்காமல் போகும். இணைப்புக் கோப்பின் பெயரில் காற்புள்ளியும் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளைப் பிரிப்பதற்கும் அதே குறிதான் பயன்படுகிறது. "கும்பகோணம், பெரிய கடைத்தெரு" என்பது போன்ற கோப்புப் பெயர்களைத் தவிர்த்து, விலைப்புள்ளி எண்ணையே பெயராக வையுங்கள்.

இன்னொன்று: உபுண்டு 24.04 பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட், மற்றவற்றிலிருந்து தனித்து அடைக்கப்பட்டு இயங்கும் ஸ்நாப் பொதியாக வருகிறது. ஸ்நாப் பொதிகளுக்குத் தற்காலிக அடைவு தனியாக ஒதுக்கப்படுவதால், தாங்கள் அந்த அடைவில் வைத்த கோப்பு தண்டர்பேர்டின் கண்ணுக்குத் தெரியாது. புள்ளியில் தொடங்கும் மறைவு அடைவுகளும் அவ்வாறே. வீட்டு அடைவுக்குள் வெளிப்படையாகத் தெரியும் ஓர் அடைவை உருவாக்கி எல்லாக் கோப்புகளையும் அங்கே வைத்தால் இந்தத் தொல்லை வராது.

மறுமொழி 2: கணினிப் பயிற்றுநர், மயிலாடுதுறை

விண்டோஸ் கணினியைப் பற்றிய பகுதிக்கு நான் விடை சொல்கிறேன். அங்கும் தண்டர்பேர்டை நிறுவிவிட்டால் மேலே சொன்ன கட்டளை அப்படியே வேலை செய்யும். நிரல் இருக்கும் இடத்தை முழுமையாக இரட்டை மேற்கோளுக்குள் எழுத வேண்டும் என்பதும், கோப்பிருப்பிடங்கள் விண்டோஸ் முறையில் அமையும் என்பதுமே வேறுபாடு. தமிழ் எழுத்துகள் அடங்கிய கட்டளையைத் தொகுதிக் கோப்பில் (கட்டளைகளை எழுதி வைத்து ஓட்டும் கோப்பில்) வைத்தால், அதை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, முதல் வரிகளிலேயே சிஎச்சிபி 65001 என்ற கட்டளையை இடுங்கள். இல்லாவிட்டால் பொருள் வரி சிதைந்து வரும்.

பலர் இதற்கு "மெயில்டு" என்று தொடங்கும் முகவரியைப் பரிந்துரைப்பார்கள். வலைப்பக்கங்களில் மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கியவுடன் வரைவு திறக்கிறதே, அதே முறைதான். விண்டோஸில் ஸ்டார்ட் என்ற கட்டளையோடும், லினக்ஸில் எக்ஸ்டிஜி-ஓப்பன் என்ற கட்டளையோடும் அதைத் திறக்கலாம். எந்த மின்னஞ்சல் செயலி இயல்பிருப்பாக இருந்தாலும் திறக்கும் என்பது அதன் நன்மை. ஆனால் தங்கள் வேலைக்கு அது ஏற்றதன்று, காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவதாக, அந்த முறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 6068 என்ற 2010ஆம் ஆண்டு ஆவணத்தில் இணைப்புக்கென்று ஒரு புலமே இல்லை. ஒரு வலைப்பக்கத்தில் இருக்கும் சுட்டி தங்கள் கணினியிலிருந்து ஒரு கோப்பைத் தானாக எடுத்து மடலில் சேர்ப்பது பாதுகாப்புக்குக் கேடு என்பதால், முறையாக எழுதப்பட்ட செயலிகள் அப்படிக் கேட்டாலும் ஏற்பதில்லை. விலைப்புள்ளியை இணைக்க முடியாத வரைவு தங்களுக்குப் பாதி வேலைதான்.

இரண்டாவது காரணம் தமிழில் எழுதுபவர்களுக்கே உரியது. மெயில்டு முகவரிக்குள் ஆங்கில எழுத்துகளும் எண்களும் அல்லாதவை பெரும்பாலும் சதவீதக் குறியீடாக மாற்றப்பட வேண்டும். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக 3 எழுத்துகள் ஆகும். ஆக ஒரு புள்ளிக்கு 9 எழுத்துகள். "விளக்கு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் நான்கு எழுத்தாகப் படிப்பது கணினிக்கு ஏழு புள்ளிகள்: வகரம், இகரக் குறி, ளகரம், ககரம், மேற்புள்ளி, மீண்டும் ககரம், உகரக் குறி. அந்த ஒரு சொல்லே 63 எழுத்துகளாக நீளும். விண்டோஸில் இத்தகைய முகவரிகள் ஏறத்தாழ 2,000 எழுத்துகளைத் தாண்டும்போது வெட்டுப்படுவதும் திறக்காமல் போவதும் உண்டு என்பதால், ஒரு தமிழ் மடலின் முதல் சில வாக்கியங்களிலேயே இடம் தீர்ந்துவிடும். தொகுதிக் கோப்பில் எழுதும்போது ஒவ்வொரு சதவீதக் குறியையும் இரட்டிக்க வேண்டும் என்பது கூடுதல் சுமை.

கும்பகோணம் கடையில் பழைய வகை அவுட்லுக் இருந்தால், அதற்கும் கட்டளை வரித் தெரிவுகள் உண்டு. சாய்கோடும் "சி"யும் இட்டு ஐபிஎம்.நோட் என்று சொன்னால் புதிய மடல் திறக்கும்; "எம்" தெரிவில் முகவரியும் "ஏ" தெரிவில் இணைப்பும் கொடுக்கலாம். ஆயினும் இரண்டு இடங்களிலும் ஒரே செயலியும் ஒரே கட்டளையும் இருப்பதையே நான் பரிந்துரைப்பேன். பட்டறையில் ஒருவர் விடுப்பில் இருக்கும்போது கடையில் இருப்பவர் அதே வேலையைத் தொடர அதுவே வசதி.

உபுண்டுவில் எக்ஸ்டிஜி-ஈமெயில் என்ற சிறு கருவியும் இருக்கிறது. பொருள், உடல், இணைப்பு என்று தனித்தனித் தெரிவுகளாகக் கொடுக்கலாம். இயல்பிருப்புச் செயலி எதுவோ அதற்கு ஏற்ற வடிவில் அதுவே மாற்றிக் கொடுக்கும். பல செயலிகள் கலந்திருக்கும் அலுவலகத்துக்கு நல்லது, தங்களுக்குத் தேவைப்படாது.

மறுமொழி 3: வழங்கிக் காவலர், திருவாரூர்

என் கருத்து சற்று மாறுபடுகிறது. சாளரம் திறந்து மூடும் வேலையையே விட்டுவிட்டு, மட் என்ற முனைய மின்னஞ்சல் செயலியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதத் தொடங்கிய மட் இன்றும் பேணப்பட்டு வருகிறது. பழைய கணினியிலும் நொடியில் திறக்கும். "எஸ்" தெரிவில் பொருள் வரி, "ஐ" தெரிவில் உடலுக்கான கோப்பு, "ஏ" தெரிவில் இணைப்பு, பிறகு இரட்டைக் கோடு, அதன் பின் முகவரி என்று எழுத வேண்டும். அந்த இரட்டைக் கோட்டை விட்டுவிட்டால் முகவரியையும் இணைப்புக் கோப்பு என்று எண்ணிக்கொள்ளும்.

மட் என்றாலே பார்க்காமல் அனுப்புவது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழுமையான உண்மையன்று. உடலை வேறொரு கட்டளையிலிருந்து குழாய் வழியாகவோ ஒரு கோப்பிலிருந்து திசைமாற்றியோ கொடுத்தால்தான் உடனே அனுப்பும். மேலே சொன்னபடி "ஐ" தெரிவில் கொடுத்தால், முதலில் உரைத்தொகுப்பியில் மடலைத் திறந்து காட்டும். மூடிய பிறகு பெறுநர், பொருள், இணைப்புகள் அனைத்தையும் ஒரே திரையில் வரிசையாகக் காட்டி நிற்கும். அங்கே "ஒய்" விசையை அழுத்தினால்தான் மடல் போகும். கேட்டவர் விரும்பும் கண்காணிப்பு இதிலும் கிடைக்கிறது.

ஜிமெயில் கணக்கானால் ஒரு முன்னேற்பாடு தேவை. வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு வெளிச் செயலிகள் நுழைவதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. தண்டர்பேர்ட் உலாவிச் சாளரம் வழியாக அனுமதி பெற்றுக்கொள்கிறது. மட், அது தரும் மடலை வழங்கிக்கு அனுப்பிவைக்கும் எம்எஸ்எம்டிபி போன்ற எளிய கருவிகளுக்கு, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல்லை உருவாக்குவது எளிய வழி. அனுப்பும் வழங்கியின் வாயில் எண் 587. அந்தக் கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதி வைக்காமல், கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் கணினியின் சாவிக்கொத்திலிருந்து எடுத்துத் தரும் கட்டளையை எம்எஸ்எம்டிபி அமைப்பில் குறிப்பிடுங்கள். அமைப்புக் கோப்பின் உரிமையை 600 என்று வைத்து, உரிமையாளர் தவிர வேறு யாரும் படிக்காதபடி செய்யுங்கள்.

மறுமொழி 4: முனையம் விரும்பி, தஞ்சாவூர்

திருவாரூர் நண்பர் சொன்னது நுட்ப அளவில் முற்றிலும் சரி. ஆங்கில மடல்களுக்கு நானும் மட்டையே பயன்படுத்துகிறேன். எனினும் கேட்டவரின் தேவை, தமிழ் மடலைத் தவறின்றிப் படித்துச் சரிபார்ப்பது. பெரும்பாலான முனையங்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் சம அகலக் கட்டம் ஒதுக்கும் முறையில் அமைந்தவை. கொம்பும் துணையெழுத்தும் உரிய இடத்தில் அமராமல், "கொ" என்பதில் கொம்பு மெய்யின் பின்னால் போய் நிற்பதும், உகரக் குறி பிரிந்து தெரிவதும் அவற்றில் வழக்கம். எழுத்து கலைந்து தெரியும்போது கண் பிழையைத் தேடாது. பழகிய சொல்லை ஊகித்துக்கொண்டு கடந்துபோகும். சரிபார்ப்பதற்காகவே ஒரு படியை வைத்துவிட்டு, அந்தப் படியில் தமிழ் தெளிவாகத் தெரியாத திரையைக் கொடுப்பது பொருளற்றது. தண்டர்பேர்ட் சாளரத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். இணைப்பின் மீது சொடுக்கினால் பிடிஎஃப் கோப்பையே திறந்து பார்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இவருக்குத் தண்டர்பேர்ட் ஏற்றது என்பது என் முடிவு.

மறுமொழி 5: நிரலெழுதும் ஆசிரியை, மன்னார்குடி

விரிதாளை வரிசை வரிசையாக எடுக்கும் கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் அதை எழுதுகிறேன். ஒரு தவறு எல்லா மடல்களிலும் பரவும் வாய்ப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

லிப்ரெஆஃபிஸ் கால்கில் சேமிக்கும்போது, புலங்களை ஒரு குறியால் பிரித்து வெறும் உரையாக எழுதும் சிஎஸ்வி வடிவத்தைத் தேர்ந்து, குறியாக்கம் யுடிஎஃப்-8 என்றும், புலப்பிரிப்பான் செங்குத்துக் கோடு என்றும் அமையுங்கள். காற்புள்ளி வேண்டாம், கடை முகவரிகளில் அது நிறைய வரும். தாவல் குறியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதையும் நான் வேண்டாம் என்பேன். பாஷ் ஓட்டின் ரீட் கட்டளை தாவலை வெற்றிடமாகக் கருதுவதால், அடுத்தடுத்து இரண்டு தாவல் வந்தால் ஒன்றாகச் சுருக்கிவிடும். ஒருவருக்கு நகல் முகவரி என்ற கட்டம் வெறுமையாக இருந்தால், அதற்கு வலப்புறம் இருக்கும் எல்லாப் புலங்களும் ஒரு படி இடப்புறம் நகர்ந்து, கோப்பின் பெயர் முகவரியின் இடத்தில் வந்து உட்காரும். செங்குத்துக் கோட்டுக்கு இந்தக் குணம் இல்லை. வெறுமையான கட்டம் வெறுமையாகவே நிற்கும்.

பிறகு வைல், ரீட் என்னும் இரண்டு கட்டளைகளால் அமைந்த சுழற்சி ஒன்றை எழுதி, ஒவ்வொரு வரியையும் எண், பெயர், முகவரி, பொருள் என்ற மாறிகளில் பிரித்து வாங்கி, முதல் மறுமொழியில் உள்ள கட்டளையில் அந்த மாறிகளைப் பொருத்த வேண்டும். மாறிக்குள் இருக்கும் டாலர் குறியைப் பாஷ் இரண்டாம் முறை விரிக்காது என்பதால், விரிதாளிலிருந்து வரும் பொருள் வரிக்கு அந்த அச்சம் இல்லை. ஒற்றை மேற்கோளைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் இங்கும் பொருந்தும். ரீட் கட்டளையோடு "ஆர்" தெரிவைச் சேருங்கள். இல்லாவிட்டால் பின்சாய்கோடுகளை அது விழுங்கிவிடும்.

ஒரு வரைவைத் திறந்ததும் நிரல் நின்று, தாங்கள் படித்து அனுப்பிய பிறகு என்டர் விசையை அழுத்தினால்தான் அடுத்த வரைவைத் திறக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை சாளரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்துவிடும். அவற்றுள் எது யாருக்கு என்ற குழப்பம் பழைய முறையைவிட மோசமாக இருக்கும். இங்கே நிரலெழுதப் புதிதாக வருபவர்கள் அனைவரும் இடறும் கல் ஒன்று உண்டு. சுழற்சியின் உள்ளீடாகச் சிஎஸ்வி கோப்பு அமைந்திருப்பதால், உள்ளே இன்னொரு ரீட் கட்டளையை இட்டால் அது விசைப்பலகைக்காகக் காத்திருக்காது. கோப்பின் அடுத்த வரியை எடுத்து விழுங்கிவிட்டு நகரும். ஒன்றுவிட்டு ஒரு வாடிக்கையாளருக்கு மடல் போகாமல் இருப்பதைத் தாங்கள் வெகுநாள் கழித்துத்தான் அறிவீர்கள். உள்ளே இருக்கும் ரீட் கட்டளைக்கு மட்டும் உள்ளீட்டை டெவ் அடைவில் இருக்கும் டிடிஒய் என்பதிலிருந்து திசைமாற்றுங்கள். அப்போது அது விசைப்பலகையைக் கேட்கும்.

சிஎஸ்வி கோப்பைக் கடையின் விண்டோஸ் கணினியில் சேமித்து எடுத்து வந்தால், ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசிப் புலம் கோப்பின் பெயராக இருந்தால், திரையில் பெயர் சரியாகத் தெரிந்தாலும் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற பதில் வரும். டாஸ்2யுனிக்ஸ் என்ற கருவியை ஒருமுறை அதன்மேல் ஓட்டினால் சரியாகிவிடும்.

இப்போது தங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். ஒருவர் விலை மற்றவருக்குப் போகக் கூடாது என்றால், இணைப்பின் பெயரைத் தனிப் புலமாக விரிதாளில் தட்டச்சு செய்யவே கூடாது. விலைப்புள்ளி எண் என்ற ஒரே புலத்திலிருந்து உடல் கோப்பு, இணைப்புக் கோப்பு, பொருள் வரியில் வரும் எண் ஆகிய மூன்றும் நிரலால் உருவாகட்டும். அப்போது அவை ஒன்றோடொன்று முரண்பட வழியில்லை. வரைவைத் திறப்பதற்கு முன் அந்தக் கோப்புகள் இரண்டும் இருக்கின்றனவா என்று நிரல் சோதித்து, இல்லையென்றால் அந்த வரியைத் திறக்காமல் பெயரைத் திரையில் காட்டி நிற்கட்டும்.

எண் சரியாக இருந்தும் பிடிஎஃப் கோப்புக்குள் வேறொருவரின் விலைப்புள்ளி இருக்கக்கூடும். பழைய கோப்பை நகலெடுத்துத் திருத்தும் அலுவலகங்களில் இது நேர்வதுதான். அதற்குப் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் என்ற கருவியால் கோப்பின் உரையைப் பிரித்தெடுத்து, அதனுள் அதே விலைப்புள்ளி எண்ணும் வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியும் இருக்கின்றனவா என்று கிரெப் கட்டளையால் தேடச் செய்யுங்கள். தமிழ்ப் பெயரை வைத்துத் தேட வேண்டாம். பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுக்கும் தமிழ் உரையில் எழுத்து வரிசை பல நேரங்களில் குலைந்து வருவதால், பெயர் இருந்தும் இல்லை என்று சொல்லும். எண்ணும் முகவரியும் அப்படிக் குலைவதில்லை. விலைப்புள்ளியின் தலைப்பகுதியில் வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியை அச்சிடும் வழக்கம் இதுவரை இல்லையென்றால், இதற்காகவே அதைத் தொடங்குவது நல்லது.

கேட்டவர்: பட்டறைக் கணக்கர், நாச்சியார்கோவில்

விடையளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்டர்பேர்ட் கட்டளையை இயக்கிப் பார்த்தேன்; வரைவு சரியாகத் திறக்கிறது. மன்னார்குடி அம்மா சொன்னபடி எண்ணை மட்டும் வைத்து மற்றவற்றை உருவாக்கும் முறைக்கு விரிதாளை மாற்றிக்கொண்டிருக்கிறேன். பிடிஎஃப் கோப்பில் மின்னஞ்சல் முகவரியை அச்சிடுவதற்குப் பட்டறை உரிமையாளரும் இசைந்துவிட்டார்.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பகுதியில் இணையத் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும்; விலைப்புள்ளிகள் மிகுதியாகப் போகும் காலமும் அதுதான். தொடர்பு இல்லாத நேரத்தில் வரைவுகளைப் படித்து முடித்துவிட்டு, தொடர்பு வந்ததும் அவற்றை மொத்தமாக அனுப்ப வழி உண்டா?

மறுமொழி 6: கணினிப் பயிற்றுநர், மயிலாடுதுறை

உண்டு. எழுதும் சாளரத்தில் அனுப்பும் பொத்தானுக்குப் பதிலாகக் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். பின்னர் அனுப்பு என்ற அந்தத் தெரிவு, மடலை உள்ளகக் கோப்புறைகளில் இருக்கும் அவுட்பாக்ஸில் வைக்கும். தொடர்பு வந்த பிறகு ஃபைல் பட்டியலில் அனுப்பப்படாத மடல்களை அனுப்பும் தெரிவைச் சொடுக்கினால் அனைத்தும் வரிசையாகப் போய்விடும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒரு தொகுதி முழுவதையும் அவுட்பாக்ஸில் நிறுத்திவைத்து, பெறுநர் பெயர்களை விரிதாளோடு வேறொருவர் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அனுப்பலாம். எழுதியவரின் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவரின் கண்ணில் படும்.

மழைக்காலத் தொடர்பில் பெரிய இணைப்புகள் பாதியில் நின்றுபோகும் என்பதால் அளவையும் கவனியுங்கள். மின்னஞ்சலில் இணைப்புகள் எழுத்து வடிவமாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகும். 3 எம்பி கோப்பு போகும்போது 4 எம்பி ஆகிவிடும். விளக்குகளின் படங்களைப் பிடிஎஃப் கோப்பில் சேர்ப்பதற்கு முன்பே சுருக்கிவிடுங்கள்.

மறுமொழி 7: நிரலெழுதும் ஆசிரியை, மன்னார்குடி

அவுட்பாக்ஸ் முறையைப் பின்பற்றுவதானால் நிரலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தாங்கள் என்டர் விசையை அழுத்தியதும் அந்த விலைப்புள்ளி எண்ணையும் அப்போதைய தேதி, நேரத்தையும் ஒரு பதிவுக் கோப்பின் இறுதியில் எழுதச் செய்யுங்கள்; அடுத்த முறை நிரல் ஓடும்போது பதிவில் ஏற்கெனவே இருக்கும் எண்களைத் தாண்டிச் செல்லட்டும். நடுவில் மின்சாரம் போய்க் கணினி அணைந்தாலும் ஒருவருக்கே இருமுறை மடல் போகாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விலையைத் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டிய நிலை வந்தால், பழைய எண்ணைப் பதிவிலிருந்து நீக்காமல், 112-2 என்பது போல் புதிய எண் கொடுத்துப் புதிய வரியாகவே விரிதாளில் சேருங்கள்.